அளவுகோலும் அகமும்: மனச்சிதைவுற்றோர் தம் குடும்ப உறவை உணரும் முறையை அளத்தல் பற்றி

நெல்லை மரைக்காலால் அளக்கிறோம். மருதமுனைத் தறியினின்று இறங்கும் துணியை முழத்தால் அளக்கிறோம். அளக்கப்படும் பொருளும் அளக்கும் கருவியும் வேறு வேறாக நிற்பதால் இவ்வளவைகளில் ஐயம் எழுவது அரிது. ஆயின், ஒருவர் தம் தாயை எவ்வாறு உணர்கின்றார், தமையனின் சொல் அவர் உள்ளத்தில் அன்பாக விழுகின்றதா அம்பாக விழுகின்றதா என்பதை அளக்கப் புகுந்தால், எதனைக் கோலாகக் கொள்வது? அவ்வாறு உணர்பவர் மனச்சிதைவு நோயுற்றவராகவும் இருப்பின் வினா இன்னும் கடினமாகின்றது. ஏனெனில், பிறர் சொல்லுக்கும் செயலுக்கும் பொருள் கொள்ளும் ஆற்றல் அந்நோயில் பழுதுபடக் கூடும் என்பர். பழுதுபட்டதென ஐயுறப்படும் அவ்வாற்றலையே சான்றாக அழைத்து, அதன் காட்சியை அளக்க வேண்டியிருக்கின்றது.

யான் மருத்துவன் அல்லன். கல்முனைப் பகுதியில் பாடம் சொல்லும் ஆசிரியன். எனினும், வினா ஆக்குவதும் விடைக்குப் புள்ளியிடுவதும் எம் தொழில். நன்கு கற்ற மாணவன் பிழையான வினாவினால் தோற்பதையும், கல்லாதவன் எளிய வினாவினால் வெல்வதையும் இருபது ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். ஆதலின், வினாக்கொத்து ஒன்றைத் திறனாயும் உரிமை எமக்கும் ஓரளவு உண்டு என்னும் துணிவினால் இதனை எழுதுகின்றேன்.

இதற்குத் தூண்டுகோலாயது ஒரு சிறு நிகழ்ச்சி. என்னிடம் முன்னர்ப் படித்த இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளாக இந்நோய்க்கு மருந்து உட்கொண்டு வருகின்றார். குடும்பம் பற்றிய வினாத்தாள் ஒன்றை நிரப்ப உதவுமாறு அவர் வீட்டார் என்னை அழைத்தனர். "குடும்பத்தினர் உங்களைக் கவனித்துக்கொள்கின்றனரா?" என்று வாசித்தேன். "ஓம் சேர், எந்த நேரமும் பாத்துக்கிட்டுத்தான் இரிக்காங்க" என்றார். நன்றியாகச் சொன்னாரா, முறையீடாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய உம்மா கதவோரம் நின்றிருந்தார். நான் 'ஆம்' என்னும் கட்டத்தில் அடையாளமிட்டேன். புறப்படும்போது அவர் என் பின்னே கடப்படி வரை வந்து, "சேர், எந்தக் கட்டத்துல போட்டீங்க?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடியே பின்வரும் ஆராய்ச்சி எழுந்தது.

பழி சுமத்திய காலம்

இத்துறையின் தொடக்கம் அளவையன்று, பழி. 1948இல் பிரீடா புறொம்-றைக்மன் என்னும் உளமருத்துவ அம்மையார், மனச்சிதைவைப் பிறப்பிக்கும் தாய் என்றொரு கருத்தை எழுத்தில் வைத்தார். 1956இல் கிறெகறி பேற்சனும் அவர் கூட்டத்தாரும், ஒன்றையொன்று மறுக்கும் இரு கட்டளைகளை இடைவிடாது பெறும் பிள்ளை தப்ப வழியின்றிச் சிதைகின்றது என்னும் 'இரட்டைக் கட்டு'க் கொள்கையை வெளியிட்டனர். இவை கேட்போரைக் கவரும் கொள்கைகளே. ஆனால், இத்தகைய தாய்மாரால் இந்நோய் வருகின்றது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதற்கிடையில் எண்ணற்ற தாய்மார் தம் வயிற்றையே நொந்துகொண்டனர். நோயாளர் தம் குடும்பத்தை எவ்வாறு உணர்கின்றார் என்பதை இக்கொள்கையாளர் முறையாகக் கேட்டு அளந்தாரல்லர்; தாம் கண்ட சிலரிடமிருந்து எல்லாருக்கும் விதி வகுத்தனர். அளவையின்மேல் பல குறைகளைப் பின்னர்க் கூறவிருக்கின்றேன். அதற்கு முன், அளவை வந்த பின்னரே இப்பழி தளர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

கம்பவெல் நேர்காணல்

1958இல் இலண்டனில் ஜோர்ஜ் பிறவுணும் உடன் ஆய்ந்தோரும், மனநோய் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய ஆடவர் 229 பேரின் நிலையைத் தொடர்ந்து கண்டு வெளியிட்டனர். பெற்றோரிடமோ மனைவியிடமோ சென்றவர்களைக் காட்டிலும், உடன்பிறந்தாரிடமும் வாடகை அறைகளிலும் தங்கியோர் நன்றாக இருந்தனர். நெருங்கிய உறவே தீங்காகுமோ என்ற வியப்பிலிருந்து தோன்றியது கம்பவெல் குடும்ப நேர்காணல். நோயாளரோடு வாழும் உறவினரிடம் நீண்ட நேரம் உரையாடி, அவ்வுரையில் வெளிப்படும் குறைகூறல், பகைமை, அளவிறந்த உணர்ச்சி ஈடுபாடு, பரிவு, பாராட்டு ஆகியவற்றை மதிப்பிடுவது அதன் முறை. சொல்லை மட்டுமன்றிக் குரலின் தொனியையும் மதிப்பிடுவோர் கருத வேண்டும்.

1972இல் பிறவுண், பேர்லி, விங் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், 101 நோயாளருள், உணர்ச்சி மிகுதியாக வெளிப்பட்ட குடும்பங்களுக்குத் திரும்பியோரில் நூற்றுக்கு 58 பேருக்கு ஒன்பது மாதத்துள் நோய் மீண்டது. ஏனையோரில் நூற்றுக்கு 16 பேருக்கே மீண்டது. 1976இல் வோனும் லெவ்வும் இதனையொத்த முடிவையே கண்டனர், நேர்காணலையும் சுருக்கினர். வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் கூடியிருத்தலும் தீங்கைக் கூட்டியது. குடும்பத்தாருக்கு நோயைப் பற்றி அறிவூட்டி, ஏச்சையும் பதற்றத்தையும் தணிக்கப் பழக்கினால் நோய் மீளுதல் குறைகின்றது என்பதை 1982இல் லெவ் முதலானோர் காட்டினர். இவ்வளவு பயன் தந்த கருவியை எளிதில் இகழ்தல் தகாது.

தமிழ் கற்றோருக்கு இம்முறை முற்றும் புதிதன்று. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் கூறி, கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணர வல்லோர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருளை அறிதல் அரிது என்று முடிக்கின்றது. கம்பவெல் முறையாரும் தொனியை உணரப் பயிற்சி பெற்றோரையே மதிப்பீட்டிற்கு அமர்த்தினர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியர் உணர்ச்சியை அதன் நிலைக்களனோடு சேர்த்தே கண்டார். எதனால் எழுந்தது என்று அறியாது வெகுளியை எண்ணுதல் அவர் முறையன்று. கம்பவெல் முறையோ குறைகூறும் சொற்களை எண்ணி, ஆறு அல்லது அதற்கு மேல் வந்தால் அக்குடும்பத்தை ஒரு பக்கத்தில் வைக்கின்றது. மூன்று இரவு உறங்காத தாயின் ஆறு சொற்களும், சொத்தை விரும்பும் தமையனின் ஆறு சொற்களும் அங்கே ஒரே எண்தான்.

இதனினும் பெரிய குறை, பேசுவோர் உறவினராகவும் நோயாளர் பேசப்படும் பொருளாகவும் இருப்பது. குடும்பத்தின் குரல் அளக்கப்பட்டது. அக்குரல் விழும் செவி அளக்கப்படவில்லை.

நோயாளரைக் கேட்ட கருவிகள்

அக்குறையைப் போக்க வந்தவை பிற்காலக் கருவிகள். 1979இல் பாக்கர், ரப்ளிங், பிறவுண் என்போர் ஆக்கிய பெற்றோர்ப் பிணைப்பு வினாக்கொத்து, வாழ்வின் முதற் பதினாறு ஆண்டுகளில் தாயும் தந்தையும் எவ்வாறிருந்தனர் என்பதை 25 கூற்றுக்களால் கேட்டு, அன்பான பேணுகை, மிகைக் காவல் என்னும் இரு அளவுகளில் தொகுத்தது. 1988இல் கோலும் கசாரியனும் 60 கூற்றுக்கள் கொண்ட ஓர் அளவையை நோயாளருக்கென்றே ஆக்கினர். உறவினரின் தலையீடு, உணர்ச்சிவசப்படுதல், நோயைக் கருதும் முறை, பொறுமையும் எதிர்பார்ப்பும் ஆகிய நான்கையும் நோயாளரே சரி, பிழை என்று சொல்ல வேண்டும். 1989இல் ஹூலியும் ரீஸ்டேலும் மணமான மனச்சோர்வு நோயினரிடம், "உம் துணைவர் உம்மை எவ்வளவு குறைகூறுகின்றார்?" என்ற ஒரு வினாவை மட்டும் கேட்டு, ஒன்று முதல் பத்து வரை எண்ணிடச் செய்தனர். நோய் மீளுதலை மிகச் சிறப்பாக முன்னறிவித்தது, மணிக்கணக்கான நேர்காணலன்று, அவ்வொரு வினாவே.

இம்முடிவு எம் போன்றோருக்கு ஊக்கம் தருவது. ஒரு வினா நல்வினாவாயின் நூறு வினாவை வெல்லும். ஆயின் அது மனச்சோர்வினரிடம் பெறப்பட்ட முடிவு என்பதை மறத்தலாகாது. மனச்சிதைவுற்றோரிடம் அதனைக் கொண்டுவருமுன் மூன்று தடைகளை எண்ண வேண்டும்: மொழி, குடும்பம், சான்று.

மொழியின் தடை

வினாக்கொத்தைத் தமிழாக்குவோர், தமிழாக்கியதை மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது வழக்கம். சொல் ஒத்தல் இதனால் விளங்கும். பொருள் ஒத்தல் விளங்குமா? 'நெருக்கம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது அன்பின் அணுக்கத்தையும் குறிக்கும், இடமின்றி நெருக்குண்ட நிலையையும் குறிக்கும். 'பார்த்துக்கொள்ளுதல்' பேணலையும் உணர்த்தும், இடைவிடாது உற்று நோக்குதலையும் உணர்த்தும். தம்மை யாரோ கண்காணிக்கின்றனர் என்னும் அச்சம் இந்நோயில் பெரிதும் காணப்படுவது. அத்தகையவரிடம் 'பார்த்துக்கொள்கின்றனரா' என வினவினால், அவர் சொல்லும் 'ஆம்' எந்தப் பொருளினது? 'சொல் கேட்டல்' என்பதும் அவ்வாறே. அது கீழ்ப்படிதலுமாகும், காதில் ஒலி விழுதலுமாகும். எவரும் பேசாதபோது குரல் கேட்கும் ஒருவரிடம் அவ்வினாவை வைப்போர், தாம் எதனை வினவினர் என்பதைத் தாமே அறியார்.

குறைகூறல் என்பதும் எல்லா மக்களிடத்தும் ஒரே எடையுடையதன்று. எம் ஊரில் மூத்தோர் இளையோரை ஏசுவது உறவு அறாமைக்கு அடையாளம். ஏச்சு நின்ற நாளே கைவிட்ட நாள். அமெரிக்காவிலும் இதனை ஒப்பன கண்டுள்ளனர். 2004இல் லோப்பெசும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை அமெரிக்கரிடையே குறைகூறலும், மெக்சிக்க வழியினரிடையே குடும்பப் பரிவின் குறைவும் நோய் மீளுதலோடு இணைந்திருந்தன. 2006இல் றோசன்பாப் முதலானோர், கறுப்பின அமெரிக்கரிடையே உறவினரின் கண்டிப்பும் தலையீடும் மிகுந்த இடத்தில் நோயாளர் நன்றாக இருந்ததைக் கண்டனர். ஒரு சமூகத்தில் நஞ்சாக இருப்பது இன்னொன்றில் உணவாகலாம். கோலின் மேலுள்ள எண்கள் ஒன்றாயினும் அவற்றின் பொருள் ஒன்றன்று.

குடும்பம் எது?

இரண்டாந் தடை எம் கரையோரத்திலே மிகத் தெளிவாகத் தோன்றுவது. மேலை நாட்டுக் கருவிகள் குடும்பம் என்பதை ஒரு கூரையின் கீழ்த் தாய், தந்தை, துணைவர், பிள்ளை என எடுத்துக்கொள்கின்றன. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில், முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் தாய்வழிக் குடி முறை உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்த மரபையும் பெரியோர் அறிவர். வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகும். மணமகனே மனைவி வீட்டுக்குச் செல்கின்றான். ஒரே வளவிலும் அடுத்த ஒழுங்கையிலும் அக்காள் தங்கையர் வீடுகள் அணியணியாக நிற்கின்றன. வேலிக்கு இப்பால் சொன்ன ஏச்சு அப்பாலும் கேட்கும். இப்பால் இறங்காத சோறு அப்பாலிருந்து வரும்.

இங்கே மணமான ஆடவர் ஒருவர் நோயுறுகின்றார் எனக் கொள்வோம். பகலில் உம்மா வீட்டில் இருக்கின்றார். இரவில் மனைவி வீட்டுக்குப் போகின்றார். கலக்கம் மிகும்போது சாச்சியின் திண்ணையில் கிடக்கின்றார். நேர்காணப்பட வேண்டிய முதன்மை உறவினர் யார்? 35 மணி நேரத்தை எந்த வீட்டின் கணக்கில் எழுதுவது? மனைவி வீட்டில் அவர் முன்னரே விருந்தினர் போன்றவர். நோய் வந்தபின் விருந்து முடிகின்றது. அவர் உணரும் அந்நியத்தை நோயின் குறியென்பதா, மருமகன் என்னும் நிலையின் குறியென்பதா?

பெண் நோயுற்றால் காட்சி மாறுகின்றது. சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தினர், மணமுறிவுற்ற பெண் நோயாளரைப் பற்றி 2003இல் எழுதினர். கணவனால் கைவிடப்பட்ட அவர்களின் சுமை பிறந்த வீட்டின் மேலேயே விழுந்தது. எம் பகுதியிலோ பெண் திரும்பி வர வேண்டியதில்லை. அவள் இருப்பது அவளுடைய வீடு. வெளியே செல்பவன் கணவனே. ஆகவே, "நீர் எவரோடு வாழ்கின்றீர்?" என்னும் ஒரே வினா இரு கரைகளிலும் இருவேறு துயரங்களைத் தொடுகின்றது. மத்திய கிழக்கு நாடுகளில் பணிபுரியும் தாய், தொலைபேசியில் வரும் குரலாக மட்டுமே இருக்கும் வீடுகளும் இன்று பல. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்ட உறவினரை இன்னும் தம் குடும்பத்தில் எண்ணுவோரும் உளர். இவர்களுக்கு எந்தக் கட்டம்?

நோயாளரின் சான்று

மூன்றாந் தடையே மிக நுண்ணியது. நோயாளர் தம் குடும்பத்தைப் பகையெனச் சொன்னால், அது நோயின் பேச்சு என்று தள்ளிவிடலாமா? ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். "உம்மா தேத்தண்ணியில என்னவோ போடுறா" என்று ஒருவர் சொல்கின்றார். கேட்டோர் அதனைப் பொய்யச்சம் என்று குறித்துக்கொள்வர். ஆயின், மருந்துண்ண மறுப்போருக்குத் தேநீரிலும் சோற்றிலும் மறைத்து மருந்து கொடுப்பது எம் நாட்டிலும் இந்தியாவிலும் வழக்கில் உள்ளதே. உம்மா போட்டது உண்மை. நஞ்சு என்று எண்ணியதே பிழை. அவர் கூற்றில் ஒரு பாதி காட்சி, ஒரு பாதி அச்சம். முழுவதையும் நோயெனத் தள்ளினால் உண்மையைத் தள்ளியவராவோம். முழுவதையும் ஏற்றால் தாயைப் பழித்தவராவோம்.

உறவினர் விடையும் நோயாளர் விடையும் மாறுபட்டால், ஒன்றைச் சரியென்றும் மற்றதைப் பிழையென்றும் கொள்ள முற்படுவது இயல்பு. என் கருத்தில், அம்மாறுபாடே அளக்கத்தக்க பொருள். ஒரு வீட்டில் இருவர் ஒரே நாளை இருவேறாக வாழ்கின்றனர் என்பதையே அது காட்டுகின்றது. உறவு என்பது ஒருவருள் இருக்கும் குணமன்று. இருவருக்கு இடையே நிற்பது. ஒருவரிடம் மட்டும் அதனை அளப்பது, பாலத்தின் ஒரு கரையை மட்டும் பார்த்து அதன் நீளத்தைச் சொல்வது போலாகும்.

தற்புகழ்ச்சியின் ஆபத்து

இவ்வாறு கூறுவதால், மேலைக் கருவிகள் வேண்டா, எம் கூட்டுக்குடும்பமே மருந்து என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. அதற்கும் சான்று காட்டுவோர் உளர். இலங்கை நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்ட நான்சி வக்ஸ்லர், மேலை நாடுகளினும் இங்கு நோயாளர் நிலை நன்றாயிருந்ததை 1979இல் எழுதினார். 1987இல் விக், லெவ் முதலானோர் சண்டிகாரில் கம்பவெல் முறையை இந்தி மொழியில் நடத்தி, குறைகூறல் இலண்டனினும் அங்குக் குறைவெனக் கண்டனர். ஆனால், பகைமை இருந்த வீடுகளில் அங்கும் நோய் மீண்டது என்பதை அவர்களே எழுதியுள்ளனர். வளரும் நாடுகளில் நோய் நன்முடிவு பெறும் என்னும் பொதுக் கருத்தையே 2008இல் கோகனும் பிறரும் ஐயுற்றனர்.

2001 ஆகஸ்ட் 6இல் தமிழகத்து ஏர்வாடியில், தங்குகுடில் ஒன்று தீப்பற்றியபோது சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. அக்குடும்பத்தார் கல்நெஞ்சர் என்று யான் சொல்லேன். ஓதியும் நூல் கட்டியும் பரிசாரியிடம் காட்டியும் மருந்து கொடுத்தும் களைத்துப்போனவர்கள் அவர்களுள் இருந்திருத்தல் கூடும். ஆயின், சங்கிலியில் இருந்தவர் தம் வீட்டை எவ்வாறு உணர்ந்தார் என்று கேட்போர் இருந்தனரா? சென்னை நிறுவனத்தார் 1998இல் 40 வினாக்களால் பராமரிப்போரின் சுமையை அளந்தது நற்பணி. சுமையாகக் கருதப்படுபவரும் தாம் சுமையென்பதை உணர்கின்றார். அவ்வுணர்வுக்கும் ஒரு கோல் வேண்டும்.

வேண்டுவன

அத்தகைய கோல் எவ்வாறிருத்தல் வேண்டும் என ஆசிரியன் என்ற முறையில் நான்கு கூறி முடிக்கின்றேன். முதலாவது, குடும்பம் யார் என்பதை நோயாளரே முதலிற் பெயர் சொல்லி வரையட்டும். அடுத்த ஒழுங்கையும் கடல் கடந்த குரலும் அதில் இடம்பெறட்டும். இரண்டாவது, வினாக்கள் எம் மக்கள் பேச்சிலிருந்து எழட்டும், 'ஏச்சு', 'பார்த்துக்கொள்ளுதல்' போன்ற சொற்களுக்கு முன்னே, "அப்படிச் சொல்லும்போது உமக்கு எப்படியிருக்கும்?" என்ற துணைவினா நிற்கட்டும். மூன்றாவது, நோயாளரும் உறவினரும் தனித்தனியே, ஒருவர் செவிக்கு எட்டாது விடையளிக்கட்டும். இருவர் விடையும் அருகருகே வைத்து நோக்கப்படட்டும். நான்காவது, ஒரு நாள் விடையை ஒருவரின் இயல்பெனக் கொள்ளாது, கலக்கம் தணிந்த நாளிலும் மீண்டும் வினவப்படட்டும். ஒரு தவணைப் பரீட்சையால் மாணவனை முடிவு செய்யாத நாம், ஒரு தாளால் ஒரு வீட்டை முடிவு செய்தல் நீதியன்று.

அளவையை வெறுப்போர், அகம் அளக்கப்படாதது என்பர். அளக்கப்படாதது எனின் அது கேட்கப்படாமலே போகும். கேட்கப்படாதோர் பட்டியலில் இந்நோயினர் நெடுங்காலமாக முதலிடம் பெற்றுள்ளனர். ஆதலின், அளவை வேண்டும். அளப்போர்க்கு அடக்கமும் வேண்டும்.

என் முன்னாள் மாணவர் கடப்படியில் நின்று கேட்ட வினாவுக்கு அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. பின்னொரு நாள் உம்மா சந்தைக்குச் சென்றிருந்த வேளையில் அதே வினாவை மீண்டும் கேட்டேன். நெடுநேரம் எண்ணிவிட்டு, "ரெண்டு கட்டத்துலயும் போடுங்க சேர்" என்றார். இரண்டு கட்டத்திலும் அடையாளமிட்டால் விடை செல்லாது என்று அத்தாளின் மேலே அச்சிடப்பட்டிருந்தது. இருப்பினும், நான் இதுவரை திருத்திய விடைகளுள் அதனினும் சரியானதொன்றைக் கண்டதாக நினைவில்லை.